டிசம்பர் லீவுக்கு எந்தக் கடல்?

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "ஸ்நோர்கெலிங் போகலாம்னு இருக்கோம்மா, எங்க போனா நல்லாருக்கும்?" என்று நீ கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாலத்தீவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட உன்னை அந்தக் கடலுக்குக் கூட்டிப்போய், மாஸ்க்கும் மூச்சுக் குழாயுமாக மிதந்தபடி பவளத்தைப் பார்க்க வைக்க முடியவில்லை. உனக்குப் பெரிய லீவு மே மாதம், எனக்கு டிசம்பர். நீ ஆச்சி வீட்டில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் நான் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு லீவு கிடைத்ததும் உன்னைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு ஓடி வந்துவிடுவேன். அதனால் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. நீ இடத்தின் பெயரைக் கேட்டாய். நான் மாதத்தைக் கேட்பேன். நம் ஊர்க் கடற்கரையில் எல்லாரும் வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைப் பார்த்துத்தான் மற்றதைப் பேசுவார்கள். வெளிநாட்டுக் கடலுக்கும் அதே கணக்குத்தான். உங்களுக்கு லீவு டிசம்பரில். அந்த மாதம் வடகிழக்குப் பருவக்காற்று மலேசியாவின் கிழக்குக் கரையில் போய் மோதும். சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து மெர்சிங் போய், படகேறி இறங்கிவிடக்கூடிய தியோமான் தீவு உங்களுக்கு எவ்வளவு பக்கம்! ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே கடல் கொந்தளிப்பு. பெர்ஹெந்தியான் தீவுகளும் அப்படியே, விடுதிகளையே மூடிவிடுவார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்கும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் பருவம். படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம், இடுப்பளவுத் தண்ணீரிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் திரியும். ஒரு வருஷம் கொழும்பு வழியாக ஊருக்கு வரும்போது போய்ப் பார்த்தேன். அதெல்லாம் டிசம்பரில் வேண்டாம். தியோமானை அடுத்த ஏப்ரலுக்கு எடுத்து வைத்துக்கொள்.

டிசம்பரில் திறந்திருப்பது அந்தமான் கடல் பக்கம். தாய்லாந்தின் சிமிலான், சூரின் தீவுகளை மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில் திறப்பார்கள். டிசம்பரில் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். விரைவுப் படகில் கூட்டிப்போய் இடத்துக்கு அரை மணி நேரம் இறக்கிவிட்டு ஏற்றிவருகிற பயணங்களைத்தான் அதிகம் விற்பார்கள். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னாய். நீச்சல் தெரியாதவர் முதன்முதலாக முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும்போது, பின்னால் படகு ஊதிக்கொண்டு நிற்கக் கூடாது. அவருக்குக் கரை வேண்டும். பயம் வந்தால் கால் ஊன்ற மணல் வேண்டும்.

அதனால் யோசித்து யோசித்து மாலத்தீவுக்கே வருகிறேன், என் ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. ரிசார்ட் வேண்டாம், ஊர்மக்கள் வாழ்கிற தீவில் ஒரு விருந்தினர் விடுதி போதும். நான் சேர்ந்த புதிதில் அப்படித் தங்கவே வழியில்லை. இப்போது தீவுக்குத் தீவு விடுதி இருக்கிறது. ஆரி அட்டோல் என்கிற தீவுக்கூட்டத்தில் உக்குல்ஹாஸ் நல்ல தீவு. சுத்தமாக வைத்திருப்பார்கள், கடற்கரையிலிருந்தே நீந்திப் போனால் பவளப்பார் வந்துவிடும், ஆமைகள் உண்டு. திமிங்கலச் சுறாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதே அட்டோலின் தென்கோடியில் திகுரா. அங்கே வருஷம் முழுக்க அவை வரும், ஆனால் படகில் போய்த்தான் தேட வேண்டும். இரண்டில் ஒன்றை எடு. ஐந்து நாளில் இரண்டு தீவு என்று அலைந்தால் படகில்தான் பொழுது போகும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அரசு ஃபெர்ரி ஓடாது, தேதி போடும்போது நினைவிருக்கட்டும்.

நான் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பேனே, ஹனிஃபாரு, பா அட்டோலில் கொம்புத் திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து சுழலும் அந்த விரிகுடா, அது உங்களுக்கு இந்த முறை கிடைக்காது. தென்மேற்குப் பருவத்தில்தான் நீரோட்டம் அங்கே அவை தின்னும் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து குவிக்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை பார்க்கலாம். டிசம்பரில் அதற்காகப் பணம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதே. அங்கே காற்று உருளை கட்டி முழுகும் ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது, ஸ்நோர்கெல் மட்டும்தான், அதுவும் 45 நிமிடம். நான் முதல் தடவை இறங்கியபோது என் முகத்துக்கு நேரே ஒரு வாய் திறந்து வந்தது. வீட்டு முன்கதவு அகலம் இருக்கும். இடிக்கப்போகிறது என்று உறைந்துபோனேன். கடைசி நொடியில் சிறகைச் சாய்த்து என் வயிற்றுக்கு அடியில் ஒரு பாயை இழுத்தமாதிரி வழுகிப் போனது. அன்று இரவு உனக்குப் போன் செய்து அதைத்தான் சொன்னேன். நீ கணக்குப் பரீட்சை மார்க்கைச் சொன்னாய்.

விடுதி தேடும்போது படத்தைப் பார்த்து மயங்காதே. நீலப்பச்சையாக மைல் கணக்கில் விரிந்திருக்கும் தண்ணீர் படத்துக்கு அழகு, உள்ளே வெறும் மணல், மீன் இருக்காது. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்கிப் பார். கரையை ஒட்டி வெளிர்நிறம், அடுத்து பழுப்பாக ஒரு பட்டை, உடனே கருநீலம் என்று இருந்தால் பவளப்பார் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழுப்புப் பட்டைதான் நீங்கள் பார்க்கப்போகிற உலகம். நாம் பார் என்கிறோம், மாலத்தீவுக்காரர்கள் ஃபரு என்கிறார்கள். முதல்நாள் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொன்னபோது நம் ஊர்க்காரர் யாரோ பேசுவதுபோல இருந்தது.

இனிமேல் எழுதுவதை இரண்டு தடவை படி.

அட்டோல் என்றால் கடலுக்குள் பவளத்தால் ஆன ஒரு பெரிய வளையம். அந்த வளையத்தில் இடையிடையே வாசல்கள் இருக்கும், அதற்குக் கந்து என்று பெயர். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அத்தனை தண்ணீரும் அந்த வாசல்கள் வழியாகத்தான் போய்வரும். தீவின் ஒரு முனை கந்துவை ஒட்டி இருந்தால் அங்கே மேலே அலையே இருக்காது, குளம் மாதிரி தெரியும், உள்ளே ஆறு ஓடும். நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் தனியாக அந்த முனையில் இறங்கிவிட்டேன். ஓர் ஆமையின் பின்னால் போனேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் தென்னைமரங்கள் விரல் உயரத்துக்குச் சிறுத்திருந்தன. எதிர்த்து நீந்தினேன், நீந்த நீந்தக் கரை தள்ளிப்போனது. கால் மரத்துவிட்டது. அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு நீச்சல் பழக்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது: "மிஸ், கடலோடு சண்டை போடாதீங்க, படுத்துக்கோங்க." மல்லாந்து படுத்து, மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு, ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டிக்கொண்டே மிதந்தேன். சூரை மீன் பிடிக்கப் போன ஒரு தோணி பார்த்துத் தூக்கிப்போட்டது. படகில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் உன் முகம்தான் வந்தது. இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொன்னதில்லை.

ஆகவே, தனியாக இறங்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் விடுதிப் பையன்களிடம் "கந்து எந்தப் பக்கம், இப்போது நீரோட்டம் எந்தப் பக்கம்" என்று கேள். நீங்களும் ஓர் இலையைப் போட்டுப் பாருங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்திப் போய்விட்டு, களைத்த பிறகு அதோடு திரும்பி வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிக் கரையைப் பார். எதிர்த்து நீந்த முடியவில்லை என்றால் கரையை நோக்கி நேராகப் போராடாமல் நீரோட்டத்துக்குக் குறுக்கே போ.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள அவர் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பி அவரை ஆழத்துக்கு இழுத்துப் போகாதே. முதல்நாள் முழுக்க நெஞ்சளவுத் தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சுப் பழகட்டும். மெதுவாக உள்ளே, நீளமாக வெளியே. குழாய்க்குள் தண்ணீர் வந்தால் "தூ" என்று ஒரே ஊது. மாஸ்க்கை வாங்குமுன் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சிப் பார்க்கச் சொல், கையை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் அளவு. அவருக்கு மீசை அடர்த்தி, அந்த வழியாகத் தண்ணீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும். உனக்கு நெற்றிமுடி மாஸ்க்குக்குள் போகாமல் இருக்க வேண்டும், இறுக்கிப் பின்னிக்கொள்.

முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் இப்போது கடைக்குக் கடை தொங்குகிறது. வாங்காதே. விட்ட மூச்சே அதற்குள் தங்கிவிடலாம், அவசரத்தில் கழற்றுவதும் சிரமம். ஹவாயில் செய்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. காற்றைச் சிரமப்பட்டு இழுக்க வைக்கிற குழாய்களால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஆள் தளர்ந்துபோகலாம் என்கிறது அது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாப்பிள்ளை பிரஷர் மாத்திரை போடுகிறார் அல்லவா, கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கடலில் இறங்க வேண்டாம். காரணம் தெரியாமல் மூச்சு வாங்கினால் உடனே மல்லாந்து படுத்து, குழாயை எடுத்துவிட்டு, கரைக்கு.

உடுப்பைப் பற்றி உனக்குக் கூச்சம் இருக்கும், எனக்கும் இருந்தது. அங்கே ஊர்ப் பெண்கள் உடம்பு முழுக்க மூடித்தான் கடலில் இறங்குவார்கள். நான் முதலில் சுடிதாரோடு இறங்கினேன், துப்பட்டாவைக் கரையில் விட்டுவிட்டு. பிறகு கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற லைக்ரா உடை வாங்கினேன். உனக்கும் அதையே வாங்கு. கடலைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும்போது முதுகும் கெண்டைக்காலும் வெந்துபோவது தெரியவே தெரியாது. உடை மூடிவிட்டால் சன்ஸ்கிரீனும் கொஞ்சம் போதும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றை ஹவாயில் விற்கவே தடை, தாய்லாந்தின் கடல் பூங்காக்களிலும் தடை. பவளத்துக்கு ஆகாது.

தண்ணீருக்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மீன் உண்டு. பெரிய கிளாத்தி, டைட்டன் என்பார்கள். பார்க்கச் சாது, மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும்போது மட்டும் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூம்பு மாதிரி மேலே போகப் போக விரியும், அதனால் மேலே ஏறித் தப்ப நினைக்காமல் பக்கவாட்டில் விலகு. விலாங்கு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அது மூச்சு விடுகிறது, விட்டுவிடு. எதையும் தொடாதே, எதன் மேலும் நிற்காதே. ஆமையைத் துரத்தாதே, அது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். நீ அசையாமல் கிடந்தால் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் கேட்கும். பொரி மெல்லுவதுபோல.

2016 ஏப்ரலில் தண்ணீர் சூடாகிக்கொண்டே போனது. கடலுக்குள் நின்றாலும் குளிர்ச்சியே தெரியவில்லை. மே மாதம் இறங்கிப் பார்த்தபோது பார் முழுக்க வெள்ளை. ஊதா, பழுப்பு, மஞ்சள் எல்லாம் போய், கிளை கிளையாக எலும்பு. பவளத்துக்குள் வாழ்கிற பாசிதான் அதற்குச் சோறும் நிறமும், சூட்டில் பவளம் அதை வெளியே தள்ளிவிடும், சூடு தணியாவிட்டால் செத்துப்போகும். அன்று மாஸ்க்குக்குள் அழுதேன். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வருமுன் கடைசியாக ஒரு தடவை போனேன். செத்த கிளைகளுக்கு நடுவே நகம் அளவு புதுத் தளிர்கள் ஒட்டியிருந்தன. 2024-இல் மறுபடி உலகம் முழுக்க வெளுத்தது என்று படித்தேன். என் பாரில் என்ன மிச்சம் என்று பார்க்க எனக்கு ஆசை, ஆனால் முழங்கால் விடவில்லை.

எகிப்துக்காரச் சக ஆசிரியை ஒருவர் செங்கடலில் அபு தப்பாப் என்ற விரிகுடாவைப் பற்றிச் சொல்லுவார். மணற்கரையில் நடந்தே இறங்கலாமாம், கடற்புல் மேயப் பெரிய ஆமைகள் வருமாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஆவுளியா என்கிற கடற்பசுவும். நம் மன்னார் வளைகுடாவில் ஆச்சி காலத்தில் பார்த்ததை அங்கே போய்ப் பார்ப்பதா என்று அன்று நினைத்தேன். பாலியில் துலாம்பென் கரையில் ஒரு கப்பல் கிடக்கிறது, 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரையேற்றியது, 1963-இல் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதன் மேல்முனையை நீச்சல் தெரிந்தால் மிதந்தபடியே பார்க்கலாம். கரை முழுக்க உருண்டைக் கல், கால் இடறும். இவையெல்லாம் மாப்பிள்ளை நீந்தப் பழகிய பிறகு.

இப்போது ஒரு வேலை செய். மாப்பிள்ளையின் கண்ணாடி பவரையும் உன் பவரையும் எனக்கு எழுதி அனுப்பு. பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கும், கண்ணாடியில்லாமல் இறங்கினால் அவருக்கு எல்லாம் புகையாகத்தான் தெரியும். அதை நான் வாங்கித் தருகிறேன், என் செலவு. நான் வைத்திருக்கிற பழைய ஃபின்ஸ் உன் காலுக்குச் சரியாக இருக்கும், தீபாவளிக்கு வரும்போது போட்டுப் பார்.

போய் இறங்கிய அன்று சாயங்காலம் தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தது என்று போன் பண்ணு. டிசம்பரில் நான் அங்கே இருந்ததே இல்லை.

அன்புடன்,
அம்மா