"சார், இது எந்த டிபார்ட்மென்ட் கேஸ்?"

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். குடும்ப மருத்துவத்தில், அதாவது எந்த வயதுக்காரருக்கும் எந்தத் தொந்தரவுக்கும் முதலில் பார்க்கிற மருத்துவத்தில், டிஎன்பி என்கிற மேற்படிப்பை முடித்துவிட்டு ஒரு சின்ன ஊரில் 18 வருடமாக கிளினிக் நடத்துகிறேன். இந்தத் துறைக்கு நம் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு இடம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நண்பரின் மகன், ஹவுஸ் சர்ஜன்சி முடித்த கையோடு, என்னுடன் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்க்க வந்தான். கெட்டிக்காரப் பையன். முதல் நாளே ஒரு அம்மா வந்தார், அறுபது வயது இருக்கும். தலை கிறுகிறுப்பு, ராத்திரி தூக்கமில்லை, பாதம் எரிகிறது, "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்." பையன் என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டான்: "சார், இது எந்த டிபார்ட்மென்ட் கேஸ்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மனதில் அதற்குள் நியூரோ, இஎன்டி, சைக்யாட்ரி மூன்றும் ஓடி முடிந்திருந்தன. நான் அந்த அம்மாவிடம் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். மஞ்சள் பையிலிருந்து எடுத்தார், தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருந்தது. மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனதிலிருந்து பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஒருநாள் விட்டு ஒருநாள்தானாம், மகனிடம் காசு கேட்கக் கூச்சம்.

பையனைத் திட்டி என்ன பயன்? ஐந்தரை வருடம் வார்டு வார்டாகத்தான் அவனுக்கு உடம்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். எம்பிபிஎஸ்ஸில் குடும்ப மருத்துவத்துக்கென்று தனிப் பாடம் கிடையாது, தேர்வில் ஒரு தாள் கிடையாது, ஆனால் படித்து வெளியே வந்ததும் முதலில் செய்யப்போவது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறை, தனி ஓபி, தனி ஆசிரியர்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 2016-லேயே நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92-வது அறிக்கையில் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் குடும்ப மருத்துவத்தைக் கொண்டுவரச் சொன்னது. அப்புறம் பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் போய் 2020-ல் நீங்கள் வந்தீர்கள், லெட்டர்பேடு மட்டும் மாறியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜி.பி. வேலைக்கென்று, அதாவது என்னைப் போன்ற பொது மருத்துவர் செய்கிற வேலைக்கென்று, பேராசிரியர் பதவி வந்தது 1963-ல். இங்கே கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி குடும்ப மருத்துவத்தில் எம்.டி. தொடங்கவே அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆனது. வேலூர் சிஎம்சியில் தனித் துறையே இருக்கிறது, முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. புதிய எய்ம்ஸ் சிலவற்றில் 'சமூக, குடும்ப மருத்துவம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும்' போடுவது போல, பலகையில் குடும்பத்துக்கும் ஒரு இடம்.

ஊரில் என்னைக் கேட்பார்கள், "வெறும் எம்பிபிஎஸ்தானா டாக்டர்?" என்று. மூன்று வருடம் மேற்படிப்பு படித்ததை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. கல்லூரியில் இல்லாத துறையில் ஒருவர் ஸ்பெஷலிஸ்ட் என்றால் யார் நம்புவார்கள்? பையன் இப்போது நீட் பிஜிக்குப் படிக்கிறான், ரேடியாலஜி வேண்டுமாம், நோயாளியோடு அதிகம் பேச வேண்டாம் பாருங்கள்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தத் துறையைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு முன்னால் உங்களில் யாராவது ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை என் கிளினிக்குக்கு வந்தால் போதும், பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஜி.பி.