நாக்கு வரைபடத்தை எடுத்துவிடுங்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு வணக்கம்.

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கைப் பங்கு பிரித்துக் காட்டும் படம் இன்னும் சில நூல்களில் இருக்கிறது. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் அளந்து சொன்னது, ஒரு சுவையை உணரத் தேவையான அளவு நாக்கில் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுகிறது என்பதைத்தான். பின்னால் வந்தவர்கள் அதை எல்லைக்கோடாக்கிவிட்டார்கள். சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் இனிப்பு தெரியும். ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கின் பின்பக்கம் விட்டாலே வகுப்பில் உங்கள் படம் பொய்த்துவிடும்.

அந்தப் படத்துக்குப் பதிலாக ஒரு சுவை செல்லை வரையுங்கள். ஒரு மொட்டில் ஏறத்தாழ 50 முதல் 100 செல்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நுனியில் மட்டும் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து, இனிப்பை அடையாளம் காணும் ஏற்பியாக நிற்கின்றன. சர்க்கரை செல்லுக்குள் நுழையவே வேண்டாம், வெளியில் இந்த ஏற்பியில் ஒட்டினால் போதும். உள்ளே செய்தி கடத்தும் ஜி-புரதம் விழித்துக்கொள்ளும், செல்லின் சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிப்படும், அது டிஆர்பிஎம்5 என்ற வாயிலைத் திறக்கும், சோடியம் உள்ளே பாய்ந்து செல்லின் மின்னழுத்தம் மாறும். (இந்த வாயில் சூட்டில் இன்னும் நன்றாக வேலை செய்யும். உருகிய ஐஸ்கிரீம் கூடுதலாக இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) அப்புறம் நடப்பதுதான் அழகு. எல்லாச் செல்களும் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறையே இந்தச் செல் செய்தியாக வெளியே விடுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் நரம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. செய்தி மூளையின் அடியிலுள்ள முகுளம், நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் பெருமூளையின் இன்சுலா பகுதிக்குப் போய்ச் சேருகிறது.

இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கடினம் என்பீர்கள். புரதங்களின் பெயர்களை விட்டுவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2005-இல் வெளியான எலிச் சோதனையை விடாதீர்கள். எலியின் இனிப்புச் செல்களில் ஒரு கசப்பு ஏற்பியை வைத்தார்கள். அந்த ஏற்பியில் ஒட்டும் கசப்புப் பொருளை எலிகள் விரும்பிக் குடித்தன! மூளையைப் பொறுத்தவரை எந்தப் பொருள் வந்தது என்பது கணக்கில்லை, எந்தச் செல் கூப்பிட்டது என்பதுதான் கணக்கு. செயற்கை இனிப்பூட்டிகள் பிழைப்பதும் இதனால்தான். சர்க்கரையோடு உருவ ஒற்றுமையே இல்லாத மூலக்கூறுகள் அதே ஏற்பியைத் தட்டிவிடுகின்றன. பூனைக்கு டி1ஆர்2 மரபணு பழுதாகிவிட்டது, அதனால் இனிப்பு என்பதே அதற்குத் தெரியாது. இதைக் கேட்டால் எந்தப் பிள்ளை கேள்வி கேட்காமல் இருக்கும்?

அடுத்த பதிப்பில் பழைய படத்தை எடுத்துவிட்டு, நாக்கிலிருந்து மூளை வரை ஒரே ஒரு அம்புக்குறிப் படம் போடுங்கள். கீழே இரண்டு கேள்விகள் போதும்: பூனைக்கு ஏன் இனிப்பு தெரியவில்லை? அந்த எலிக்குக் கசப்புப் பொருள் ஏன் பிடித்துப்போனது?

அன்புடன்,
ஒரு வாசகர்