கபாப் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துருக்கிப் பயணக் கட்டுரைகள் பலவும் ‘கபாப் சாப்பிட்டோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எந்த ஊரில் எதைக் கேட்பது என்று யாராவது எழுத வேண்டாமா?

அதானா நகரத்துக் காரமான கபாபுக்கு இயந்திரத்தில் அரைத்த கறி ஆகாது. ‘ஸிர்ஹ்’ எனும் வளைந்த பெரிய கத்தியால் ஆட்டிறைச்சியையும் வால்கொழுப்பையும் கையால் கொத்துகிறார்கள். ஐந்து பங்கு இறைச்சிக்குச் சுமார் ஒரு பங்கு கொழுப்பு. கொழுப்பு குறைந்தால் கறி வறண்டு உதிரும். கலவை சூடேறினால் கொழுப்பு இளகி, அகலக் கம்பியில் நிற்காமல் தணலில் விழும். அதனால்தான் குளிரவைத்துக் கம்பியில் பிடிக்கிறார்கள். காரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உர்ஃபா கபாப் கேட்கலாம்.

எர்சுரூமின் ‘ஜா’ கபாபில் இறைச்சி அடுக்கு படுக்கைவாட்டில், விறகு நெருப்பின் முன் சுழலும். வெந்த மேற்பரப்பில் சிறுகம்பியைச் செருகிச் சீவித் தருவார்கள். போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும்; கம்பிகளை எண்ணித்தான் பில்.

புர்சாவின் இஸ்கந்தரில் ரொட்டித் துண்டுகள்மேல் டோனர் (செங்குத்துக் கம்பியில் சுழலவிட்டுச் சுட்டுச் சீவிய இறைச்சி), தக்காளிச் சாறு, பக்கத்தில் தயிர். சுடச்சுட வெண்ணெய் ஊற்றியதும் சாப்பிட்டுவிட வேண்டும். தாமதித்தால் ரொட்டி குழைந்துவிடும்.

டோனருக்கு மதியமே நல்ல நேரம். இரவில் கம்பியில் மிஞ்சுவது பெரும்பாலும் வறண்டிருக்கும். அடுக்குகள் தெரிந்தால் முழு இறைச்சி, வழவழப்பாக இருந்தால் கொத்துக்கறி. ‘பிர் புச்சுக்’ என்றால் ஒன்றரைப் பங்கு. பல வகை ருசிக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்த்து, ஒரு பங்கை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

– வாசகர், திருச்சி