கை தூக்காத அன்னிக்கு என் கூட நின்னவங்களுக்கு

எங்க ஒன்றியத்து அக்கா, அண்ணன், தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். ஏரிக் கால்வாயை மூடற தீர்மானத்துக்குக் கை தூக்க மாட்டேன்னுட்டு, கட்சியை விட்டு நான் வெளிய வந்து பத்து நாளாச்சு, போன் பண்ணவங்க, வீட்டுக்கே வந்து பார்த்தவங்கன்னு அத்தனை பேர்கிட்டயும் நேர்ல நன்றி சொல்ல முடியல, அதான் எழுதறேன்.

2021 அக்டோபர்ல கட்சிச் சின்னத்துல நின்னு ஒன்றியக் கவுன்சிலரா ஜெயிச்சவ நான், எங்க நைனா காலத்துல இருந்தே அதே கட்சிதான். ஜெயிச்ச அடுத்த மாசமே அந்த மழை. பாலாறு ரெண்டு கரையும் புரண்டு ஓடுச்சு, குடியாத்தத்துல கவுண்டன்யா ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள பூந்துச்சு, எங்க ஊர்ல ஏரிக்குப் போற வரத்துக் கால்வாய் தூர்ந்து கெடந்ததால தண்ணி அப்படியே தெருவுக்குத் திரும்பி முழங்கால் அளவு நின்னுச்சு. சுத்தி வச்ச பீடி எல்லாம் நனைஞ்சு போயி அக்காங்க முறத்தை மடியில வச்சிக்கினு அழுதாங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். அதே கால்வாயை மூடிக் கடை கட்ட ஒன்றியக் கூட்டத்துல தீர்மானம் கொண்டாந்து, கட்சி கை தூக்குன்னா எப்படிங்க தூக்கறது? 100 ஏக்கருக்குக் கீழ ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயற நெலம், இருந்தா அது ஒன்றிய ஏரி, காப்பாத்த வேண்டியதே நாமதான்.

ரிட்டயர்டு சர்வேயர் அண்ணனுக்கு மொதல் நன்றி. நெலத்தோட அளவு போட்ட சர்வே புலப்படத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்து, சீமைக்கருவேல முள்ளுக்குள்ள பூந்து டேப் புடிச்சு அளந்தாரு, படத்துல 8 மீட்டர், தரையில 3 மீட்டர் கூட இல்ல. கையெல்லாம் கிழிஞ்சு ரத்தம், அதைத் துண்டுல தொடச்சிக்கினே "எழுதிக்கோம்மா"ன்னாரு. அந்தக் கணக்கைத்தான் கூட்டத்துல படிச்சேன், என் ஆட்சேபத்தையும் தீர்மானப் புத்தகத்துல எழுத வச்சேன்.

பதவி போயிடும்னு பயமுறுத்தினப்ப, கட்சித் தாவல் சட்டம் 1985ல வந்ததே எம்.பி., எம்.எல்.ஏ.வுக்குத்தான், தைரியமா இருங்கக்கான்னு சொன்ன சத்துவாச்சாரி கோர்ட்டு வக்கீல் தம்பிக்கு நன்றி, பீஸுன்னு ஒரு ரூபா வாங்கல. எதிர்க்கட்சியா இருந்தும் என் பக்கம் கை தூக்கின ரெண்டு கவுன்சிலர்ங்களுக்கும் நன்றி.

என்கூடப் பேசக் கூடாதுன்னு உத்தரவு இருந்தும் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து திண்ணையில உக்காந்துட்டுப் போன பழைய கட்சிக்காரங்களே, உங்க பேரைப் போட மாட்டேன், ஆனா நீங்க வந்ததுதான் எனக்குப் பெரிய தெம்பு. வாசல்ல நைனா நட்ட கொடிக்கம்பத்தை நான் புடுங்கல. கொடியை மட்டும் அம்மா எறக்கி, மடிச்சு, அவரு வேட்டிங்க கூட பீரோவுல வச்சிட்டாங்க.

செவ்வாய்க்கெழமை காலையில தாலுகா ஆபீஸ்ல இருந்து கால்வாயை அளக்க வராங்க. முடிஞ்சவங்க வாங்க, முள்ளு வெட்ட கொடுவாள் இருந்தா எடுத்தாங்க.