கமலாவுக்காக வீடு வீடாகப் போகும் அக்காவுக்கு

டெட்ராய்ட் பகுதி, செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பிப்ரவரி 27 அன்று, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மிச்சிகன் பிரைமரியில் நீங்களும் நானும் பைடனுக்கு ஓட்டுப் போடவில்லை. 'அன்கமிட்டட்', அதாவது யாருக்கும் ஆதரவில்லை, என்று நிரப்பிவிட்டு வந்தோம். காஸா மேல் விழும் குண்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறவருக்கு என் ஓட்டு சும்மா கிடைக்காது என்று என்னிடம் சொன்னதே நீங்கள்தான். இந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்மைப் போலவே செய்தார்கள். 2016ல் ட்ரம்ப் இங்கே ஜெயித்தது வெறும் 10,704 ஓட்டில். அதனால்தான் நம்மை அலட்சியப்படுத்த முடியாமல் போனது.

ஜூலை 21 அன்று பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். அன்று ராத்திரியே உங்கள் வாட்ஸப் படத்தில் கமலா ஹாரிஸ் சிரித்தார். மறுநாள் நன்கொடை கொடுத்த ரசீதைக் குழுவில் போட்டீர்கள். முதல் 24 மணி நேரத்தில் 81 மில்லியன் டாலர் சேர்ந்தது என்று பிரச்சாரக் குழு அறிவித்தது. அத்தனை பேர் கொடுத்தார்களே, அதில் எத்தனை பேர் ஏதாவது கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள்? பிரைமரி வாக்குச்சீட்டில் கமலாவின் பெயரே இல்லை. வேட்பாளர் ஆவதற்குக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்ட அந்த இரண்டு வாரம்தான் கேட்பதற்கான நேரம். கையில் இருந்த பணத்தை முதலில் நீட்டிவிட்டு அப்புறம் விலை பேச முடியுமா அக்கா?

ஆள் மாறியதும் கொள்கையும் மாறிவிடும் என்று நம்பினீர்கள். ஆகஸ்ட் 13 அன்று இதே அரசு இஸ்ரேலுக்கு 20 பில்லியன் டாலர் ஆயுத விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த அரசில் துணை அதிபர் அவர்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு நம் விமான நிலையப் பக்கத்துக் கூட்டத்தில் சிலர் காஸாவைப் பற்றிக் குரல் எழுப்பியபோது, "ட்ரம்ப் ஜெயிக்க வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. பிப்ரவரியில் நாம் எழுப்பியதும் அதே குரல்தானே?

சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஹமாஸிடம் பணயக்கைதியாக இருந்த ஓர் இளைஞனின் பெற்றோர் மேடையில் பேசினார்கள். பேசியது சரிதான், கேட்டவர்கள் அழுதார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் மேடை கிடைத்தது. ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு மட்டும் சில நிமிடம் தர முடியவில்லை. ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர் ருவா ரொம்மான் தயாராக வைத்திருந்த உரையில் ஹாரிஸை ஜெயிக்க வைப்போம் என்ற வேண்டுகோளே இருந்தது. அதற்கும் அனுமதி இல்லை. நம் மாநிலத்திலிருந்து மாநாட்டுக்குப் போன 'அன்கமிட்டட்' பிரதிநிதி அப்பாஸ் அலவியே அரங்குக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ராத்திரியைக் கழித்தார். உள்ளே நம் குழு நண்பர்கள் அனுப்பிய வீடியோக்களில் பலூன் பறந்தது.

2019ல் ஃப்ராக்கிங்கை, அதாவது பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதை, தடை செய்வேன் என்றவர், எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற மசோதாவை செனட்டில் சேர்ந்து முன்மொழிந்தவர், இப்போது இரண்டையும் விட்டுவிட்டார். யாரும் அவரை நெருக்கவில்லை, அதனால் விட முடிந்தது.

நெருக்கினால் என்ன நடக்கும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். கார் தொழிலாளர்களின் யூஏடபிள்யூ சங்கம் 2023ல் பைடனுக்கு ஆதரவு தராமல் நிறுத்தி வைத்தது. மின்சாரக் கார் ஆலைகளுக்கு அரசு பணத்தைக் கொட்டுகிறது, அங்கே வேலை செய்கிறவர்களின் கூலிக்கு யார் பொறுப்பு என்று சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் கேட்டார். ட்ரம்புக்கு உதவுகிறாயா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். சங்கம் அசையவில்லை. செப்டம்பரில் மூன்று கார் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் மறியல் வரிசைக்கு வந்து நின்றது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை. பைடன் இங்கே வேய்ன் கவுண்டியில்தான் நின்றார். நான்கரை ஆண்டுக்கு 25 சதவீதக் கூலி உயர்வு கிடைத்தது. சங்கத்தின் ஆதரவு அறிவிப்பு அதற்கெல்லாம் பிறகு, 2024 ஜனவரியில்தான் வந்தது.

நம்ம ஊர்ப் பெண் என்ற பெருமை எனக்கும் புரிகிறது. கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்து, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நடந்தவர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் அப்பாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி பூஜை செய்கிறார்கள், செய்யட்டும். ஆனால் அந்தப் பழைய தஞ்சை மண் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1968, கீழவெண்மணி. கூலி உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்த மண்ணைக் கொண்டாடும் நாம் கேட்கவே கூச்சப்படுவது எனக்கு வலிக்கிறது.

ட்ரம்ப் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நவம்பர் 5 அன்று யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. இன்னும் சில வாரம் இருக்கிறது. சனிக்கிழமை வீடு வீடாகப் போவதற்கு முன்னால், பட்டியலைக் கையில் கொடுக்கும் பிரச்சார அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: ஆயுதம் அனுப்புவதை நிறுத்துவாரா, மாட்டாரா? பதில் வரும்வரை பட்டியலை வாங்காதீர்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். சரி என்றால் நானும் உங்களுடன் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி