நாகையா மட்டும் பிரெஞ்சுக்காரரா? – தங்கச்சிக்கு ஒரு கடிதம்

குட்டி,

நேத்து காலைல டிரெயின்ல போனைப் பாத்தேன், ஆகஸ்ட் 27. பத்து வருஷம் ஆயிடுச்சு. நீ மறந்திருக்க மாட்ட.

உன் பேரையோ நீ இருக்கற ஊரையோ இங்க போடல. இதைப் படிக்கறவங்கள்ல பாதிப் பேரு நம்ம சொந்தக்காரங்க தான், யாராவது அம்மாவுக்கு பார்வர்ட் பண்ணிடுவாங்க, அதனால சில இடத்துல மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடுவேன், உனக்குப் புரியும். வாட்ஸப்ல எழுதினா நீ ஒரு கட்டைவிரல் போட்டுட்டுப் போயிடுவ, அதான் இங்க எழுதறேன். நடுவுல பேசாம இருந்தது, அத்தை பொண்ணு கல்யாணத்துல நடந்தது, அதெல்லாம் நமக்குத் தெரியும், அதை விடு. அந்த ஒரு ராத்திரி மட்டும் பேசணும்.

நியூயார்க் 45வது தெரு, இம்பீரியல் தியேட்டர், லே மிசராப் நாடகம், மாடி மெசனின்ல கடைசிக்கு முந்தின வரிசை. உட்கார்ந்து ப்ளேபில்லை, நாடகம் பத்தின அந்தக் குட்டிப் புஸ்தகத்தை, பிரிச்சதும் உள்ள இருந்து ஒரு சின்னச் சீட்டு என் மடியில விழுந்துச்சு. இன்னைக்கு ஜான் வால்ஜானா நடிக்கறது கைல் ஜான்-பாப்டிஸ்ட்னு அதுல போட்டிருந்தது. நான் அதை எடுத்துப் படிச்சுட்டு, போஸ்டர்ல இருக்கற ரமின் கரீம்லூவைப் பாக்கத்தானே இவ்ளோ காசு குடுத்து வந்தோம்னு பொரிய ஆரம்பிச்சேன், அதோட விட்டிருக்கலாம், விடல. பின்னாடி பக்கத்துல கோரஸ் ஆளுங்க போட்டோ இருக்குமில்ல, அதுல அந்தப் பையன் முகத்தைத் தேடிப் பாத்துட்டு சொன்னேன். "என்னடி இது, வால்ஜான் பிரெஞ்சுக்காரன் தானே, இந்தப் பையன் எப்படி?"

நீ தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டு இருந்த, கை அப்படியே நின்னுச்சு. என் பக்கம் திரும்பல. "நாகையா மட்டும் பிரெஞ்சுக்காரரா?"ன்னு கேட்ட. லைட் அணைஞ்சுது.

மத்தவங்க படிக்கறதால ஒரு வார்த்தை. லே மிசராப் விக்டர் ஹ்யூகோ எழுதின பிரெஞ்சுக் கதை, எங்க வீட்டுக்கு அது வந்தது தாத்தா வாயால. அதே கதையைத் தமிழ்ல எடுத்து 1950-ல வந்த ஏழை படும் பாடு படத்தை அவர் எத்தனை தடவை பாத்தாரோ தெரியாது, சுத்தானந்த பாரதியார் தமிழ்ல மொழிபெயர்த்த புஸ்தகமும் அட்டை கிழிஞ்சு அலமாரியில இருந்துச்சு. ராத்திரி மொட்டைமாடியில எங்க ரெண்டு பேரையும் ரெண்டு பக்கம் படுக்க வெச்சுக்கிட்டு அந்தக் கதையைச் சொல்லுவார். ரொட்டி திருடினவனுக்கு நாகையா முகம், துரத்தற இன்ஸ்பெக்டருக்கு சீதாராமன் முகம், அந்த ஒரு வேஷத்துனால தானே அவர் கடைசி வரைக்கும் ஜாவர் சீதாராமன் ஆனார். பாதிரியார் வீட்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டு தாத்தா கதையில குத்துவிளக்கு ஆயிடும். ஆந்திராவுல பிறந்த சித்தூர் நாகையா எப்படி பிரான்ஸ்ல ஜெயிலுக்குப் போனவனா ஆனார்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்ல. அழுதுட்டு வீட்டுக்குப் போனாங்க, அவ்ளோதான்.

நான் கேட்டுட்டேன், அதுவும் உன்கிட்ட.

உனக்கு அப்ப 21. அந்தப் பையனுக்கும் 21, அது எனக்கு அப்புறம் தான் தெரியும், உனக்கு அங்கயே தெரிஞ்சிருந்தது. ஒஹையோவுல பால்ட்வின் வாலஸ்ல படிப்பை முடிச்ச கையோட வந்து கோரஸ்ல நின்னவன், வால்ஜானுக்கு அண்டர்ஸ்டடி, அதாவது மெயின் நடிகர் வராத நாள்ல அந்த வேஷம் போடற ஆளு. 2015 ஜூலை 23 அன்னைக்கு முதல் தடவையா அந்த வேஷத்துல ஏறினான், பிராட்வேல, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடகத் தியேட்டர்கள்ல, அந்த வேஷம் போட்ட முதல் கறுப்பின நடிகன் அவன்தான், போட்டவங்கள்லயே வயசுல சின்னவனும் அவன்தான். 1987-லயே நியூயார்க்குக்கு வந்த நாடகம், கணக்குப் போட்டா 28 வருஷம். நீ இதையெல்லாம் வாரக்கணக்கா மனசுல வெச்சுக்கிட்டு, ஒருநாள் அவன் ஏறும்போது நாம உள்ள இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்க. அந்தச் சீட்டு உனக்கு லாட்டரி. நான் அதைப் பாத்து முகத்தைச் சுளிச்சேன்.

ரெண்டாவது பாதியில தடுப்பரண்ல எல்லாரும் தூங்கும்போது வால்ஜான் ஒரு பிரார்த்தனை பாடுவானே, இந்தப் பையன் சின்னவன், இவனை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்துடுன்னு கடவுள்கிட்ட கேக்கற மாதிரி. 19 வருஷம் ஜெயில்ல கிடந்து நரை விழுந்த கிழவனா நின்னு ஒரு 21 வயசுப் பையன் அதைப் பாடறான், வேண்டிக்கறது கிட்டத்தட்ட தன் வயசு ஆளுக்காக. கடைசி ஸ்வரத்தை மெலிசா மேல எடுத்துட்டுப் போய் அங்கயே நிறுத்தினான், அவ்ளோ பெரிய தியேட்டர்ல ஒரு இருமல் கிடையாது. நீ அழுதது எனக்குத் தெரியும். நானும் அழுதேன். அதை உன்கிட்ட சொன்னதே இல்ல, இப்ப சொல்றேன். இருட்டுல புடவைத் தலைப்பால துடைச்சுக்கிட்டு, லைட் வந்ததும் ஏசி ரொம்ப ஜாஸ்தின்னு ஏதோ உளறினேன்.

வெளில வந்ததும் நீ கேட்ட. "அக்கா, ஸ்டேஜ் டோர்ல பத்து நிமிஷம் நிக்கலாமா, கையெழுத்து வாங்கிக்கறேன்." நான் 11 மணி டிரெயினை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது, காலைல 7 மணிக்கு எனக்கு போன் கால் இருக்குன்னு உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். காலைல கால் இருந்தது நிஜம். ஆனா பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆகியிருக்காது. அடுத்த டிரெயின் வந்திருக்கும்.

சனிக்கிழமை காலைல நீ போன் பண்ணின. பேச்சே வரல உனக்கு. புரூக்ளின்ல அவங்க அம்மா வீட்டு ஃபயர் எஸ்கேப்ல இருந்து விழுந்து செத்துப் போயிட்டான், 29-ம் தேதி விடியறதுக்கு முன்னாடி. நாம பாத்த அந்த வியாழக்கிழமை தான் அவன் வால்ஜானா நின்ன கடைசி நாள். கொஞ்ச மாசத்துல தி கலர் பர்ப்பிள் நாடகத்துல நடிக்கப் போக வேண்டியவன்.

நான் அப்படிக் கேட்டது வெறுப்புல இல்ல குட்டி. சரி, இது சமாதானம் சொல்றது தான், தெரியுது, ஆனாலும் எழுதிடறேன். அந்த வருஷம் உன் பீஸ் யாரு கட்டினது, அப்பாவோட மருந்துக்கு யாரு அனுப்பினது, விசா பேப்பர் எங்க மாட்டிக்கிட்டு இருந்துச்சு, இதெல்லாம் உனக்குத் தெரியும், மத்தவங்களுக்கு வேண்டாம். கைல காசு இல்லாத நேரத்துல வாங்கின டிக்கெட், அதனால போஸ்டர்ல இருக்கற ஆளே வேணும்னு இருந்தேன். ஆனா அந்த போஸ்டர் ஆளு யாரு? கரீம்லூ டெஹ்ரான்ல பிறந்தவர். இரான்ல பிறந்தவர் எப்படி பிரெஞ்சுக்காரனா நடிக்கலாம்னு நான் ஒரு தடவை கூட கேக்கல. எனக்கு ஊரு பிரச்சனையே இல்ல, நிறம் தான் கண்ணுல பட்டிருக்கு. பக்கத்துல என் நிறத்துல, என்னைவிட ஒரு சாயல் கறுப்பா, நீ உட்கார்ந்திருந்த.

அன்னைக்கு டிரெயின்ல நீ நடிகை லியா சலோங்கா பத்தி ஏதோ சொல்ல வந்த, நான் போன்ல மெயில் பாத்துக்கிட்டு உம் கொட்டினேன். அப்புறம் நானே உட்கார்ந்து படிச்சேன். இது உனக்குப் பாடம் எடுக்கறதுக்கு இல்ல, நான் படிச்சேன்னு உனக்குத் தெரியணும். வியட்நாம்ல நடக்கற மிஸ் சைகான் நாடகம் லண்டன்ல வந்தப்ப, அதுல பாதி ஆசியக்காரனான எஞ்சினியர்ங்கற வேஷத்துக்கு ஜோனதன் பிரைஸ்ங்கற வெள்ளைக்கார நடிகருக்கு கண்ணுல ஒட்டு வெச்சு மேக்கப் போட்டு நிறுத்தினாங்க, 1990-ல நியூயார்க்குக்கு அவரையே கொண்டு வரப் பாத்ததும் நடிகர் சங்கம் முதல்ல முடியாதுன்னு சொல்லி, பத்து நாளுக்குள்ள பின்வாங்கிடுச்சு. அதே நாடகத்துல தான் பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த சலோங்கா 1991-ல டோனி விருது வாங்கினாங்க. ஆனா நீ சொல்ல வந்தது அது இல்ல, எனக்கு இப்பப் புரியுது, 1993-ஐ தான் சொல்ல வந்த. அந்த வருஷம் அவங்க லே மிசராப்ல எபோனினா நின்னாங்க, பாரிஸ் தெருப் பொண்ணா, பிராட்வேல அந்த வேஷத்துக்கு வந்த முதல் ஆசியப் பொண்ணு. வியட்நாம் பொண்ணு வேஷத்துக்கு ஆசியப் பொண்ணைத் தேடி வருவாங்க. பாரிஸ் பொண்ணுக்குத் தேடி வர மாட்டாங்க.

பத்து வயசுல உன்னை பாம்பே ட்ரீம்ஸ் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனோமே, 2004-ல, நம்ம ரஹ்மான் இசைன்னு நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து கார் கார்-ஆ கிளம்பிப் போச்சு. மேடையில நாயகியா நின்ன அனிஷா நாகராஜனைப் பாத்துட்டு அந்தக் குளிர்லயும் நீ ரோட்டுலயே ஆடிக்கிட்டு வந்த. அப்பா சிரிச்சுக்கிட்டே உன் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டு விட்டார். 2005 ஜனவரி 1-ஓட அந்த நாடகத்தை எடுத்துட்டாங்க. அந்த ஒரு கதவு மூடினதும் மிச்சம் இருக்கற கதவு எல்லாத்துலயும் நீ முட்ட வேண்டி வந்தது, அதை நான் பிடிவாதம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்த ஆடிஷன் விஷயம் இங்க முழுசா எழுத மாட்டேன். எந்த இடம், யாரு சொன்னாங்க, எதுவும் வேண்டாம். குரல் நல்லா இருக்கு, ஆனா குடும்பமா நிக்க வெச்சா பொருந்தாதுன்னு உன்கிட்ட சொன்னாங்க. நீ அதை என்கிட்ட சொல்லவே இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு உன் பிரெண்டு வாயால கேட்டேன். ஏன் சொல்லலன்னு கோவப்பட்டேன். எப்படிச் சொல்லுவ? அந்த வார்த்தையை முதல்ல உன் காதுல போட்டது நான் தானே, இம்பீரியல் தியேட்டர்ல, உன் பிறந்தநாளுக்கு.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கோ பரவால்ல. அப்பா கடைசி வாரத்துல நீ டூர்ல இருந்த. ஷோவை விட்டுட்டு வர முடியாது, எனக்கும் அண்டர்ஸ்டடி இருக்காங்க ஆனா இந்த நேரத்துல போனா திரும்ப எடுக்க மாட்டாங்கன்னு சொன்ன. எனக்கு அது புரியுதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், புரியல. இன்னைக்கும் முழுசாப் புரியல. ஆஸ்பத்திரி பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தப்ப, இவளுக்கு அண்டர்ஸ்டடி இருக்காங்க, எனக்கு யாரு இருக்காங்கன்னு நினைச்சேன். நாலு ராத்திரி. மன்னிப்புக் கேக்கற கடிதத்துல இதையும் எழுதறேன்னு திட்டுவ. எழுதாம விட்டா மிச்சம் எழுதினதும் பொய்யாயிடும்.

திரும்பவும் போன வருஷம் நீ சொன்னதை நினைச்சுப் பாக்கறேன், இடத்தை விட்டா போச்சுன்னு ஏன் அவ்ளோ பயம்னு. நார்ம் லூயிஸ்ங்கற நடிகர் பிராட்வேல தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா நாடகத்துல ஃபேண்டம் ஆனது 2014 மே மாசம், அவர் தான் அங்க முதல் கறுப்பின ஃபேண்டம். அதுக்கு 24 வருஷம் முன்னாடியே, 1990-ல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ராபர்ட் கியோம் அந்த வேஷத்தைப் போட்டுட்டார். பாதி முகத்தை முகமூடி மறைக்கற வேஷம்டீ அது! அதுக்கே அந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்கு வர 24 வருஷம் ஆச்சுன்னா, மூஞ்சி முழுசாத் தெரியற வேஷத்துக்கு எவ்ளோ? அதே நாடகத்துல நாயகி கிறிஸ்டீன் வேஷத்துல ஒரு கறுப்பினப் பொண்ணு, எமிலி குவாச்சூ, வந்து நின்னப்ப அது பிராட்வேல ஓட ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. 2023 ஏப்ரல்ல திரையே விழுந்துடுச்சு. இவ்ளோ மெதுவா நகர்ற வரிசையில நிக்கறவ எப்படி அரை நாள் தள்ளி நிப்பான்னு யோசிக்கறேன். யோசிக்கறேன்னு தான் சொல்றேன், கோவம் போயிடுச்சுன்னு சொல்லல.

இப்ப சொல்ல வந்த விஷயம். அந்த சனிக்கிழமை போன்ல அழுகைக்கு நடுவுல நீ ஒண்ணு கேட்ட, அந்தச் சீட்டு எங்க அக்கான்னு. உன் ப்ளேபில்லை நீ வெச்சிருந்த, சீட்டு மட்டும் என் கைல இருந்துச்சு. குப்பைல போட்டுட்டேன்னு சொன்னேன். பரவால்லன்னு சொல்லி போனை வெச்சுட்ட, அப்புறம் நீ அதைக் கேக்கவே இல்ல.

போடல குட்டி. என்கிட்ட தான் இருக்கு, தாத்தாவோட ஏழை படும் பாடு புஸ்தகத்துக்குள்ள. ஏன் பொய் சொன்னேன்னா, டிரெயின்ல நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தப்ப அதோட பின்பக்கத்துல நான் பேனாவால கணக்கு எழுதிட்டேன். டிக்கெட் ரெண்டு, டிரெயின் ரெண்டு, சாண்ட்விச், கூட்டி கீழ கோடு போட்டு, அந்த மாச வாடகையில இருந்து கழிச்சு. முன்பக்கம் அந்தப் பையன் பேரு, பின்பக்கம் என் கணக்கு. செத்துப் போன பையனோட பேருக்குப் பின்னாடி அதை எழுதி வெச்சிருக்கேன்னு உன்கிட்ட எப்படிக் காட்டறது.

கணக்கை அழிக்கல, பேனா இங்க், அழிச்சா பேப்பர் கிழிஞ்சுடும். திங்கட்கிழமை புஸ்தகத்தோட சேர்த்து பார்சல் அனுப்பறேன். உன் பழைய அட்ரஸ் தான் என்கிட்ட இருக்கு. மாறியிருந்தா ஒரு வரி அனுப்பு.

அக்கா