இரண்டு நாடகங்களில் ஒரு சோன்யா

அன்பு நண்பர் ராகவனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் தேறி மீண்டும் ஒத்திகைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் 'வான்யா மாமா'வையும் அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃபிரீலின் 'ஆஃப்டர்பிளே'யையும் ஒரே நாளில் மேடையேற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இரண்டிலும் சோன்யாவாக ஒரே நடிகைதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செகாவின் 'மூன்று சகோதரிகள்', 'வான்யா மாமா' ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் தம் வழியில் கொண்டுவந்த பிறகே ஃபிரீல் 'ஆஃப்டர்பிளே'யை எழுதினார். 'வான்யா மாமா'வில் வான்யாவின் மருமகளான சோன்யாவும் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தில் அந்தச் சகோதரிகளின் உடன்பிறந்தவனான ஆந்த்ரேயும் 1920களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் களையிழந்த சிற்றுண்டிச்சாலை ஒன்றில் பேசிக்கொண்டிருப்பதுதான் முழுக்கதையும். டப்ளினின் கேட் தியேட்டரில் 2002இல் இது செகாவின் 'கரடி' என்னும் நகைச்சுவைக் குறுநாடகத்தோடு சேர்ந்து அரங்கேறியது. சோன்யாவை முன்பே அறிந்தவர்களாகப் பார்வையாளர்களை அமரவைக்கும் உங்கள் ஏற்பாடு அதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

'வான்யா மாமா'வின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வண்டிகள் போய்விட்டன, வயதான தாதி மரீனா காலுறை பின்னுகிறாள், பண்ணையில் ஒண்டி வாழும் தெலேகின் மெல்லக் கிட்டார் வாசிக்கிறான், மாமாவும் மருமகளும் நிலுவைக் கணக்குகளை எழுதி முடித்த கையோடு, நாம் ஓய்வு கொள்வோம் என்று சோன்யா அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். 'ஆஃப்டர்பிளே'யில், இருபது ஆண்டுகள் கழித்து, அதே பெண் பண்ணையின் கடன் விவகாரமாக மாஸ்கோவுக்கு வந்து, கைப்பையிலிருந்து வோட்காவை எடுத்துத் தேநீரில் கலந்துகொள்கிறாள். எதிரே ஆந்த்ரேய், தான் இசைக்குழுவில் வயலின் வாசிப்பதாகச் சொல்லிவிட்டு, பிறகு அது பொய், தெருவில்தான் வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். முதல் நாடகத்தில் அவள் நேசித்த மருத்துவர் அஸ்த்ரோவ் மீதான காதல் சோன்யாவுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

இதைக் கண்டு, செகாவின் சோன்யா ஏமாந்தாள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வு இவ்வுலகில் கிடைக்கும் என்று அவள் சொல்லவே இல்லை. நெடிய நாட்களைப் பொறுத்துக்கொள்வோம் என்றுதான் சொன்னாள், சொன்னபடியே வாழ்ந்துமிருக்கிறாள். ஆகவே அந்த இறுதிப் பேச்சை, பின்னால் வரப்போவது தெரிந்தவளைப் போல உங்கள் நடிகை கசப்போடு பேசிவிடக் கூடாது. முழு நம்பிக்கையோடு பேசட்டும். செகாவின் உரையில் எதையும் வெட்டாமல், பகலில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆந்த்ரேயாக யாரை நினைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள். ஒத்திகை பார்க்க அடுத்த மாதம் வருகிறேன்.

அன்புடன்,
சிவராமன்